பெட்டகம் ஒன்று, சாவி ஆளுக்கொன்று

குடும்பத்துக்கென்று பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலி, வாங்கும் வீடுகளில் ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பணம் கட்டுவது குடும்பத் திட்டத்துக்கு. புழங்குவது ஒரே ஒரு கணக்கு. வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் கணக்கைத் தொடங்கி, அந்தப் பெட்டகத்தைத் திறக்க மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்று வைத்து, அதை மனைவியிடம் சொல்லி, அப்பாவுக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஏன் இப்படி என்று கேட்டால், "நமக்குள் என்ன ஒளிவுமறைவு?" என்கிறார்கள். பாசத்தில் கேட்கிற கேள்வி. அதற்கு வெடுக்கென்று பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் பதில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். கும்பகோணத்தில் அப்பாவும் அம்மாவும், டொராண்டோவில் தம்பி, திருச்சியில் நானும் கணவரும் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகளும். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜரின் குடும்பத் திட்டத்தில் ஆறு பேருக்கு இடம் உண்டு என்பதால் அதை எடுத்தோம். இன்னொன்றான ஒன்பாஸ்வேர்டின் குடும்பத் திட்டம் ஐந்து பேருக்கானது. எதை எடுத்தாலும் அடிப்படை ஏற்பாடு ஒன்றுதான்: ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு மாஸ்டர் பாஸ்வேர்டு, ஆளுக்கொரு தனிப் பெட்டகம், அதற்கு மேல் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற பொதுப் பெட்டகம். மின்வாரிய இணைப்பு எண், வீட்டு வரி, எரிவாயு, பிராட்பேண்ட், வைஃபை என்று பொதுவில் இருக்க வேண்டியதெல்லாம் பொதுவில் இருக்கலாம். மாஸ்டர் பாஸ்வேர்டை ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல வேண்டிய தேவையே எழாதபடிதான் இந்தத் திட்டங்களை வடிவமைத்திருக்கிறார்கள். அதற்குக் காசும் கொடுத்துவிட்டு, அந்த வசதியைத் தொடாமலே விட்டுவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பாதுகாப்புக் காரணங்களைப் பிறகு சொல்கிறேன். எனக்கு முதலில் நிற்பது மரியாதை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில்தான் இருந்தது. பின் நம்பர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரை ஏமாற்றவில்லை, அவரும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவர் மட்டுமே திறக்கக்கூடியதாக அவருக்கென்று எதுவும் இருந்ததில்லை. பீரோ சாவி இடுப்பில் தொங்கினாலும், பீரோவுக்குள் இருந்ததெல்லாம் வீட்டுப் பொருள். இப்போது அவருடைய தனிப் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. திட்டத்தின் உரிமையாளராக என் பெயர் இருந்தாலும் என்னால் அதைப் பார்க்க முடியாது. அப்படி இருப்பதில் எனக்கு மிகுந்த நிறைவு. ஒரே மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளும் வீட்டில் இது கிடைக்காது. அங்கே அம்மாவின் மருத்துவ அறிக்கையும் மகளின் மின்னஞ்சலும் மருமகனின் அலுவலகக் கணக்கும் ஒரே அறையில் கிடக்கும்.

இனி பாதுகாப்பு. மாஸ்டர் பாஸ்வேர்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் மற்றவை தானாகத் தெளியும். நாம் தட்டுகிற சொல் அந்த நிறுவனத்துக்குப் போவதில்லை. நம் கைபேசியிலேயே அதை லட்சக்கணக்கான சுற்றுகள் அரைத்து ஒரு சாவியை உருவாக்குகிறார்கள். பிட்வார்டன் இப்போது தானாக வைத்துத் தரும் கணக்கு 6 லட்சம் சுற்று. சுற்று கூடக் கூட, சொல்லை ஊகித்துப் பார்ப்பவனுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம் கூடும். அந்தச் சாவியால் பூட்டிய பெட்டகம் மட்டும்தான் அவர்களுடைய சர்வரில் கிடக்கிறது. அதனால் "மறந்துவிட்டேன், மாற்றித் தாருங்கள்" என்று அவர்களிடம் கேட்க முடியாது. கேட்டுக் கிடைக்குமானால் திருடனுக்கும் கிடைக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. இணையதள முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. கடவுச்சொற்கள் பூட்டிய நிலையில் இருந்தன. அன்றிலிருந்து அந்தப் பெட்டகங்களுக்கும் திருடர்களுக்கும் இடையில் நிற்பது அவரவர் மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும். 2018-க்குப் பிறகு அங்கே வழக்கமான சுற்றுகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது; ஆனால் பழைய கணக்குகள் சில 5,000 சுற்றிலேயே விடப்பட்டிருந்தன. நல்ல நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வைத்திருந்தவர் அத்தனையையும் மாற்ற ஓட வேண்டியதாயிற்று.

குடும்பக் கணக்கில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. பொதுப் பெட்டகத்தின் சாவி ஒவ்வொருவர் கணக்கிலும் தனித்தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆறு பேரில் ஐந்து பேர் எவ்வளவு கடினமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும், ஆறாவது ஆளுடையது எளிதாக இருந்தால் பொதுப் பெட்டகம் அந்த வழியாகவே திறந்துகொள்ளும். ஆகவே வீட்டில் கணினி பழகாதவருக்குத்தான் மிக அக்கறையாக உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டும். "அப்பாவுக்கு எளிதாக ஏதாவது வைத்துவிடு" என்பது எல்லோரையும் பாதிக்கிற முடிவு.

எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் ஊரில் பலருக்கும் முதலில் தோன்றுவது குலதெய்வத்தின் பெயர், அடுத்தது திருக்குறள். மனப்பாடமாக இருப்பது, நீளமாக இருப்பது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம். ஆனால் குறள்கள் மொத்தம் 1,330. எழுதும் முறை, இடைவெளி என்று பத்து விதம் வைத்துக்கொண்டாலும் 13,300 முயற்சி. கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. மனப்பாடமாக இருக்கிற எந்தப் பாட்டுக்கும் இதே கதிதான். அது நம் மனத்தில் மட்டும் இல்லை, இணையத்திலும் இருக்கிறது.

சொற்களைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுக்கும் முறையை ஆர்னால்டு ரைன்ஹோல்டு 1995-இல் டைஸ்வேர் என்ற பெயரில் கொடுத்தார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். ஒரு சொல்லுக்கு ஐந்து முறை பகடை. அமெரிக்காவின் இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2016-இல் இன்னும் எளிய பட்டியல்களை வெளியிட்டது. அதில் குறும்பட்டியல் ஒன்று இருக்கிறது: 1,296 சிறிய ஆங்கிலச் சொற்கள், ஒரு சொல்லுக்கு நான்கு முறை உருட்டினால் போதும். கைபேசியில் தட்டுவதற்குச் சின்னச் சொற்களே வசதி என்பதால் அம்மாவுக்கு அதைத்தான் எடுத்தோம். ஆறு சொற்கள், வாய்ப்புகள் சுமார் 47 ஆயிரம் கோடி கோடி.

லூடோ பலகையில் இருந்த பகடையை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அம்மா உருட்டினார். அப்பா எண்ணைப் படித்தார், அம்மா தாளில் எழுதினார், பிறகு பட்டியலில் தேடினோம். மூன்றாவது சொல் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது அபசகுனமாக இருக்கிறது, பக்கத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் பிடிக்கிற பூ, பழம், கடவுள் என்றே போய் நிற்கும். பகடைக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது, அதன் பலமே அதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார். பிறகு அந்த ஆறு சொற்களையும் கோத்துத் தமிழில் ஒரு கதை கட்டினார். வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவருக்கு அது பத்து நிமிட வேலை. கதை எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக நானும் அப்பாவும் திண்ணைக்குப் போய்விட்டோம். தாளை என்ன செய்தார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏன் தமிழ்ச் சொற்கள் இல்லை என்று கேட்கலாம். நானும் ஆசைப்பட்டேன், அதில் சிக்கல்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்திலேயே வைத்தால், ‘கொ’ என்பதை இரண்டு விதமாகக் கணினி சேமிக்கலாம்: ஒற்றைக் குறியாக ஒகர உயிர்மெய்க் குறியோடு, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத மென்பொருளுக்கு அவை வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் வைத்த பாஸ்வேர்டு இன்னொன்றில் திறக்காமல் போகலாம். அவசரத்துக்கு வேறொருவரின் கணினியில் உட்கார்ந்தால் தமிழ் விசைப்பலகையே இருக்காது. சரி, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைக்கலாம் என்றால், ழகரத்துக்கு இசட்-எச் போட்டோமா எல் போட்டோமா, நெடிலுக்கு எழுத்தை இரட்டித்தோமா என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? எழுத்துக்கூட்டலில் சந்தேகமே வராத சொற்களாக இருக்க வேண்டும். அந்த வகையில் பள்ளிக்கூட ஆங்கிலச் சொற்கள் பரவாயில்லை.

வைப்பதைவிட நினைவில் நிறுத்துவது கடினம், அதுவும் கைரேகை வந்த பிறகு. விரலை வைத்தால் பெட்டகம் திறக்கிறது. மாதக்கணக்கில் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டிய வேலையே வருவதில்லை. கைபேசி மாற்றும் நாளில்தான் மறந்தது தெரிகிறது. வயதானவர்களுக்கு இன்னொரு தொல்லை. ரேஷன் கடையில் ரேகை பதியாமல் மூன்று நான்கு முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே விரல்தான் கைபேசியிலும். அதனால் அம்மாவின் கைபேசியில் கைரேகையை நிறுத்தவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஒருமுறை முழுதாகத் தட்டித் திறப்பதென்று அவரே வழக்கமாக்கிக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்ற பழைய போதனையை விட்டுவிடுங்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாதவரை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லக்கூடாது என்று எழுதிவிட்டது. வயதானவரிடம் அடிக்கடி மாற்றச் சொல்வது, மறந்துபோகச் சொல்வதற்குச் சமம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். கணினி தெரிந்த அந்த ஒருவர், எங்கள் வீட்டில் நான், திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும்? விபத்து, பக்கவாதம், மரணம், எதுவாகவும் இருக்கலாம். நார்வேயில் மொழியியலாளர் ஐவார் ஆசன் பெயரில் இருக்கும் மொழி மையத்தில் 2002-இல் இப்படி நடந்தது. பேராசிரியர் ஒருவரின் பெரிய நூல் தொகுப்புக்குக் கணினியில் பட்டியல் போட்டவர் இறந்துபோனார். பட்டியலின் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. மையம் உலகத்தைப் பார்த்து உதவி கேட்டது, கொஞ்ச நேரத்திலேயே விடை வந்தது: பேராசிரியரின் குடும்பப் பெயரைத் தலைகீழாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். கடவுச்சொல் எளிதாக இருந்ததால் பட்டியல் பிழைத்தது. இன்றைய பெட்டகத்தில், பகடை உருட்டி எடுத்த ஆறு சொல்லோடு அப்படி ஒருவர் போய்விட்டால், உலகமே கூடி நின்றாலும் திறக்க முடியாது. பூட்டை இவ்வளவு கெட்டியாகச் செய்கிறவர், திரும்பி வரும் வழியையும் அதே கவனத்தோடு போட வேண்டும்.

ஒன்பாஸ்வேர்டில் குடும்ப நிர்வாகியாக இருப்பவர், மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்த இன்னொருவரின் கணக்கை மீட்டுக் கொடுக்க முடியும். நிர்வாகியே மறந்தால் அவரை மீட்க இன்னொரு நிர்வாகி வேண்டும். ஆகவே அங்கே இருவரை நிர்வாகியாக்க வேண்டும். பிட்வார்டனின் குடும்பத் திட்டத்தில் அந்த வகை மீட்பு இல்லை. அதற்குப் பதில் ‘அவசர அணுகல்’ இருக்கிறது. நாம் நம்பும் ஒருவரை முன்கூட்டியே குறித்து வைக்கிறோம். அவர் ஒருநாள் விண்ணப்பித்தால், நாம் வைத்த காத்திருப்புக் காலம், 1 நாளிலிருந்து 90 நாள் வரை, நாம் மறுக்காமல் கடந்துவிட்டால் பெட்டகத்தைப் பார்க்கவோ, புது மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்துக் கணக்கையே ஏற்கவோ அவரால் முடியும். அம்மாவுக்கு நான், காத்திருப்பு 1 நாள். எனக்கு அம்மாவும் தம்பியும், 7 நாள். திட்டத்தின் இரண்டாவது உரிமையாளராகத் தம்பியைப் போட்டிருக்கிறோம். ஒரே வீட்டில், ஒரே காரில் போகிற இருவரை உரிமையாளராக்கக்கூடாது என்பது என் கருத்து.

பல வீடுகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) போடாத பிட்வார்டன் கணக்கில் புதுக் கருவியிலிருந்து நுழைந்தால், 2025 முதல், மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வருகிறது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் எங்கே இருக்கிறது? பெட்டகத்துக்குள். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்ட கதைதான் இது. இரண்டு அடுக்குப் போட்டிருந்தாலும், குறியீடு தரும் செயலி தொலைந்த அதே கைபேசியில் இருந்தால் நிலைமை மாறாது. ஆகவே நான்கு விவரங்கள் பெட்டகத்துக்கு வெளியே, தாளில் இருக்க வேண்டும்: கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும், மாஸ்டர் பாஸ்வேர்டு, இரண்டு அடுக்குக்கான மீட்புக் குறியீடு, கைபேசியைத் திறக்கும் எண்.

தாளில் எழுதலாமா என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா பல ஆண்டுகளாகக் கடவுச்சொற்களை டைரியில்தான் எழுதி வந்தார். அடித்து அடித்து மேலே எழுதியது, பக்க ஓரத்தில் சுழித்தது, எது எந்தக் கணக்குக்கு என்று அவருக்கு மட்டுமே விளங்குவது. அதில் குறை, தாளாக இருந்ததில் இல்லை. ஒரே பிரதியாக, ஒரே வீட்டில், ஒருவருக்கு மட்டும் புரிகிறதாக இருந்ததில்தான். டொராண்டோவிலிருந்தோ ரஷ்யாவிலிருந்தோ இணையம் வழியே வருகிற திருடன் கும்பகோணத்து டைரியைப் பிரிக்க மாட்டான்.

எங்களுடைய தாள்கள் உறையில் இருக்கின்றன. அம்மா தம் உறையை ஒட்டி, தேர்வுத்தாள் கட்டுகளுக்குச் செய்து பழகியபடி, ஒட்டுவாயின் குறுக்கே கையெழுத்திட்டு, தேதி போட்டு, அதன்மேல் செல்லோடேப் ஒட்டினார். யாராவது பிரித்தால் கையெழுத்து கிழியும். உறை சித்தி வீட்டில் மயிலாடுதுறையில் இருக்கிறது. வங்கி லாக்கரில் மட்டும் வைக்க வேண்டாம்: அது வேலை நேரத்தில்தான் திறக்கும், லாக்கர் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் காகித வேலையை முடிக்கும்வரை கைக்கு வராது. பாதி சொற்களை ஓரிடத்திலும் மீதியை இன்னோரிடத்திலும் வைக்கலாமே என்று தம்பி கேட்டான். ஆறில் மூன்று சொல் தெரிந்தவருக்கு மீதி மூன்றில் இருப்பது 217 கோடி வாய்ப்புகள்தான். நல்ல கணினி வைத்திருப்பவருக்கு எட்டுகிற எண். ஒரு பங்கு மட்டும் கிடைத்தால் எதுவுமே தெரியாதபடி ரகசியத்தைப் பிரிக்கும் முறையைக் கணினி அறிவியலாளர் அடி ஷமீர் 1979-இல் கொடுத்திருக்கிறார். அழகான கணிதம். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து அதைச் சேர்த்துப் பார்க்க யாரால் முடியும்? மூடிய உறை போதும்.

வங்கி விஷயத்தில் ஒரு கண்டிப்பு. யுபிஐ பின்னைப் பொதுப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். இறந்தவரின் இணைய வங்கிக்குள் அவர் கடவுச்சொல்லோடு நுழைந்து பணத்தை மாற்றாதீர்கள். அதற்கு நாமினி இருக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை குறிக்கலாம். போய்க் குறித்துவிட்டு வாருங்கள். சிம் கார்டையும் மறக்காதீர்கள்: காப்பீடு, பரஸ்பர நிதி என்று எங்கே என்ன இருக்கிறது என்பதே அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளில்தான் தெரியவரும். 90 நாள் புழங்காத ப்ரீபெய்ட் எண்ணை முடக்க விதி இடம் தருகிறது. காரியம் முடிந்த கையோடு ரீசார்ஜை நிறுத்துகிற வீடுகள் பிறகு தவிக்கின்றன.

மகளின் கணக்கில்தான் நீண்ட பேச்சு நடந்தது. பதினெட்டு ஆகும்வரை மாஸ்டர் பாஸ்வேர்டு பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் கணவர். அவர் பயம் எனக்குப் புரிகிறது. செய்திகளைப் படிக்கிற எந்தத் தகப்பனுக்கும் அது இருக்கும். ஆனால் நாமே அவளுடையதை வாங்கி வைத்துக்கொண்டால், யார் கேட்டாலும் கொடுத்துவிடக்கூடியது என்றுதான் அவள் அதைப் பற்றிக் கற்றுக்கொள்வாள் என்று நான் வாதாடினேன். கடைசியில் அவசர அணுகலுக்கு அவளே எங்கள் இருவரையும் குறித்தாள். காத்திருப்புக் காலம் முப்பது நாள் என்றாள் அவள். ஒரு நாள் என்றார் அவர். இப்போது ஏழில் நிற்கிறது. நாங்கள் விண்ணப்பித்தால் அந்த நொடியே அவளுக்கு மின்னஞ்சல் போகும், மறுக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. இதுவரை விண்ணப்பிக்கவில்லை.